இன்சுலின் எதிர்ப்பும் சினைப்பைப் புற்றுநோயும்: எதற்கு அஞ்சுவது, எதைச் செய்வது?

செல்கள் இன்சுலினுக்கு உரிய அளவில் இணங்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு. அப்போது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்காகக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் இப்படி நீடிக்கும் மிகை இன்சுலின்தான் இங்கே கவனத்துக்குரியது. செல்களை வளரவும் பெருகவும் தூண்டும் ஹார்மோனும் அதுவே. தசையும் கல்லீரலும் அதற்குச் செவிசாய்க்காத நிலையிலும் சினைப்பை செவிசாய்த்துக்கொண்டே இருப்பதால், ஆண்ட்ரோஜன் எனும் ஆண்பால் ஹார்மோன்கள் அங்கே கூடுதலாக உருவாகின்றன. பாலின ஹார்மோன்களைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உற்பத்தி செய்வதால், கட்டற்று உலவும் ஹார்மோனின் அளவும் உயர்கிறது.

இந்த விளக்கம் பொருத்தமாகத் தோன்றினாலும், சான்று அதே அளவுக்கு வலுவாக இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் உடற்பருமனோடு தொடர்புடையவை என்று வகைப்படுத்திய 13 புற்றுநோய்களில் சினைப்பைப் புற்றுநோயும் ஒன்று. ஆனால் இன்சுலின் எதிர்ப்பை மட்டும் தனியே பிரித்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயுடனான தொடர்பே இதைவிட உறுதியானது. ஆகவே, இன்சுலின் எதிர்ப்போடு பெரும்பாலும் சேர்ந்தே காணப்படும் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) உள்ளவர்கள் சினைப்பையை நினைத்துக் கலங்குவதைவிட, கருப்பை உட்சவ்வின் நலனுக்காக, மாதவிடாய் 90 நாட்களுக்கு மேல் தள்ளிப்போனால் மருத்துவரிடம் காட்டுவதே முக்கியம்.

முதலில் குடும்ப வரலாற்றை எழுதி வையுங்கள். தாய், சகோதரி, இருவழிப் பாட்டிகள், அத்தை, சித்தி ஆகியோரில் யாருக்கேனும் சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், எந்த வயதில் வந்தது என்பதையும் குறியுங்கள். பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் என்ற அளவில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயின் வாழ்நாள் அபாயம், பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் கேடான மாற்றம் உள்ளவர்களிடம் 100க்குச் சுமார் 40 முதல் 60 வரை உயர்கிறது. இன்சுலினால் நேரக்கூடிய மாற்றம் இதன் அருகில்கூட வராது என்பதால், அப்படியொரு வரலாறு இருப்பவர்கள் மரபணு ஆலோசனையையே முதலில் நாட வேண்டும்.

அடுத்து, சர்க்கரை நிலையை அறிந்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரையோ, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.7 முதல் 6.4 சதவீதம் வரையோ இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடிப்பது பலர் அழுக்கென்று தேய்த்துக் கழுவும் அறிகுறி. உண்மையில் அது பெரும்பாலும் மிகை இன்சுலினின் அடையாளம்.

2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதமும், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை உட்கொண்டவர்களிடம் 31 சதவீதமும் குறைந்தது. இது நீரிழிவுக்கான சான்றே. சினைப்பைப் புற்றுநோயைத் தடுப்பதற்கென்று மெட்ஃபார்மின் கேட்டு வாங்குவதற்கு இதில் ஆதாரம் இல்லை. கருத்தடை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு இப்புற்றுநோயின் அபாயம் குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. ஆனால் இரத்தக்கட்டு அபாயம், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மருத்துவர் அதைப் பரிந்துரைப்பார்.

அறிகுறி எதுவும் இல்லாமல் ஆண்டுதோறும் சிஏ125 என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டாம். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2021இல் முடிவு வெளியான ஆய்வில், இத்தகைய பரிசோதனை உயிரிழப்பைக் குறைக்கவில்லை. மாதவிடாயின்போதும் நார்த்திசுக் கட்டி இருந்தாலும்கூட சிஏ125 உயரக்கூடும் என்பதால், தேவையற்ற அறுவை சிகிச்சைக்கும் அது இட்டுச்செல்லலாம். மாறாக, வயிறு உப்பியே இருத்தல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் ஆகியவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தால், குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்கள், அதே பரிசோதனைகளைத் தாமதமின்றிக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.