மழைக்காலத்தில் பிரிந்த சோல்

மார்த்தாண்டத்தில் அப்பா விட்டுப்போன செருப்புப் பட்டறையை நான்தான் பார்க்கிறேன். ஆனிச் சாரல் தொடங்கியதும் ஒட்டிய சோல் பிரிய ஆரம்பித்தது. பசையை மாற்றினேன், உப்புத்தாளால் கூடுதலாகத் தேய்த்தேன். பலனில்லை. நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் கை வைத்ததால்தான் இப்படி என்றார் சித்தப்பா.

பார்த்தால், பிரிந்தவை எல்லாம் காலையில் நாங்கள் ஒட்டியவை. நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் தன் வேலை முடிந்து வந்து ராத்திரி குண்டு பல்புக்கு அடியில் ஒட்டியவை அப்படியே இருந்தன! காலையில் தடவிய பசையைச் சாய்த்துப் பார்த்தேன்: கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல் மெல்லிய வெண்படலம். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படியும். அப்புறம் எங்கே ஒட்டும்?

இப்போது இரண்டு பக்கமும் பசை தடவி, பல்புச் சூட்டில் காட்டி, படலம் மறைந்து விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துகிறோம். பிரியவில்லை. சித்தப்பாவே காலையில் பல்பைப் போடுகிறார். கல்யாணப் பேச்சைத்தான் எடுக்கமாட்டேன் என்கிறார்.