வட சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்: துணி, தண்ணீர், துரு, ஒயர்

எண்ணூர், அத்திப்பட்டு, மணலி, திருவொற்றியூர் பக்கம் இரவு வெளியில் நிறுத்திய காரின் பானெட்டை விடிந்ததும் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள், கன்டெய்னர் லாரிகள் கிளப்பிவிடும் மண், எல்லாவற்றையும் பாடியில் ஒட்டவைக்கும் கடலோர உப்பு ஈரம் எல்லாம் அதில் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் நின்று எண்ணூருக்குப் போனபிறகு ராயபுரம், காசிமேட்டுக்காரர்களுக்குக் கரி குறைந்தது, உப்பு குறையவில்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்க்காரர்கள் சொல்லும் பராமரிப்பு யோசனைகள் இங்கே பாதிதான் செல்லும்.

காய்ந்த துணி

காலையில் வண்டியை எடுக்கும் அவசரத்தில், டிக்கியில் கிடக்கும் மஞ்சள் துணியால் ‘சும்மா ஒரு தட்டுத் தட்டி’ விடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். இரண்டுமே பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட்டை விடக் கடினமானவை. அந்த கிளியர் கோட்டின் கனமோ பொதுவாக 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியை விட மெல்லியது. காய்ந்த துணியை அழுத்தி இழுக்கும்போது துகள்கள் துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கோடு போடும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் தெருவிளக்குக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். கறுப்பு, கருநீல வண்டி என்றால் ஒரே வருடத்தில் பளபளப்பு போய் மங்கிவிடும். அதைப் போக்க ரப்பிங் பாலிஷ் போட்டால் கிளியர் கோட்டில் கொஞ்சம் சேர்ந்தே தேயும். ஆகவே வருடா வருடம் ரப்பிங் போடும் வண்டி அழகாகிக்கொண்டே போகாது, மெலிந்துகொண்டே போகும்.

மெழுகு தடவிய டஸ்டர் மாப்பும் இந்தத் தூசிக்குச் சரிப்படாது. அது தூசியை எடுப்பதோடு இழைகளுக்குள் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டை எஞ்சினுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட் பக்கம் கொண்டுவர வேண்டாம். அதில் தையல் முடிச்சும் இரும்புத் துகளும் இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நர்சரியில் செடிக்கு மருந்தடிக்க விற்கும் 5 லிட்டர் கைப்பம்பு ஸ்ப்ரேயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கூரையில் தொடங்கிக் கீழ்வரை வெறும் தண்ணீரை அடித்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, மறுபடி அடியுங்கள். முக்கால்வாசித் துகள் கை படாமலேயே இறங்கிவிடும். அப்புறம் இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் துணியை அலசிக்கொள்ள வெறும் தண்ணீர். ஒவ்வொரு பேனலுக்கும் துணியை முதலில் அலசும் பக்கெட்டில் பிழிந்துவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல், பேனலின் நீளவாக்கில் நேர்கோட்டில் இழுங்கள். கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசியில்தான், அதுவும் வேறு துணியால். சக்கரத்துக்கு மூன்றாவது துணி. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் ஒட்டிய துணி பாடிக்குத் திரும்பவே கூடாது. கை தவறிக் கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

மைக்ரோஃபைபர் துணி துடைக்க 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), தண்ணீரை ஒற்றி எடுக்க 800-க்கு மேல். துவைக்கும்போது துணி மிருதுவாகப் போடும் வாசனைத் திரவம் வேண்டாம். இழைகளை அடைத்து, தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும்.

மாதச் சம்பளத்துக்குத் துடைத்துக் கொடுப்பவரிடம் விட்டிருக்கிறீர்கள் என்றால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பக்கெட் தண்ணீரில் ஐந்து வண்டி துடைத்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். உங்கள் பக்கெட், உங்கள் துணி என்று எடுத்துக் கொடுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும் என்றும் சொல்லிவிடுங்கள்.

எந்தத் தண்ணீர்

கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெயிலில் வண்டியைக் கழுவினால் தண்ணீர் ஆவியாகி, உப்பு வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும். நாள்பட்டால் கிளியர் கோட்டுக்குள் இறங்கி, துடைத்தாலும் போகாது. சிக்கனம் என்று நினைத்து ஆர்.ஓ. கழிவு நீரில் கழுவுவது இதை விட மோசம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1000 டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) உள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குடிநீராகப் பிரிந்தால், மீதியில் உப்பு சேர்ந்து கிட்டத்தட்ட 1500 ஆகிவிடும். அதை வாசல் தெளிக்கவோ பாத்ரூம் கழுவவோ வைத்துக்கொள்ளலாம்.

முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணீர் ஒதுக்குங்கள். வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி வைத்தாலும் சரி, அதில் உப்பு மிகக் குறைவு. ஆனால் அதே ஏ.சி. தண்ணீரை பாட்டரிக்கு ஊற்றக் கூடாது. காயிலின் உலோகமும் தூசியும் கலந்திருக்கும். பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அதுவும் மேல்கோட்டைத் தாண்டாமல். கேன் தண்ணீரும் ஆகாது.

ஏற்கெனவே வெள்ளை வட்டம் விழுந்திருந்தால், வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, நிழலில் ஆறிய பாடியின் மேல் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே நன்றாக அலசுங்கள். அந்த இடத்தில் பூசியிருந்த வேக்ஸும் கூடவே போயிருக்கும், மறுபடி போட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் கார் கழுவினாலும் இதே கதைதான்: எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்று செய்த சரக்கு வேக்ஸையும் எடுத்துவிடும்.

பளபளக்கும் என்று தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்து துடைப்பது பழைய வழக்கம். அன்று சாயங்காலம் வரை மினுங்கும். மறுநாள் அந்த எண்ணெய்ப் படலத்தில் எல்லாத் தூசியும் வந்து ஒட்டும், கதவு பீடிங் ரப்பரும் நாளடைவில் ஊதித் தளர்ந்துபோகும்.

வெள்ளை வண்டியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தால் பெயின்ட் துருப்பிடித்துவிட்டது என்று டிங்கரிங் கடைக்கு ஓட வேண்டாம். ரயில்வே யார்டு, வெல்டிங் பட்டறைகள், லாரி பிரேக்குகள் ஆகியவற்றிலிருந்து பறந்து வந்து பதிந்த இரும்புத் துகள் துருப்பிடித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் கோடுதான் மிஞ்சும். அயர்ன் ரிமூவர் அடித்து, ஊதா நிறமாகி வழியும்போது, காய்வதற்குள் அலசிவிடுங்கள். பிறகும் சொரசொரப்பு இருந்தால் ஷாம்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே களிமண் பார் (துகளை ஒட்டி எடுக்கும் மெத்தென்ற கட்டி) ஓட்டுங்கள், வழுக்கலாக இருக்கும்வரைதான் ஓட்ட வேண்டும்.

காக்கை எச்சத்தையும் சுரண்டக் கூடாது. நனைத்த டிஷ்யூவை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டால் தானே இளகும். ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். அதிலுள்ள அமிலத்தோடு மே மாத வெயிலும் சேர்ந்தால் ஒரே நாளில் தடம் விழும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உப்பு

மேலே மினுங்கும் வண்டி கீழே துருப்பிடித்துக்கொண்டிருப்பது வட சென்னையில் சாதாரணம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகும் வண்டிகளின் பின்னால் ரோட்டில் ஈரக் கோடு விழுந்துகொண்டே போகும், பார்த்திருப்பீர்கள். அது உப்புத் தண்ணீர். பின்னால் வரும் உங்கள் சக்கரம் அதை வாரி வீல் ஆர்ச்சுக்குள்ளும் சஸ்பென்ஷன் மேலும் அடிக்கும். வாரம் ஒரு தடவையாவது ஹோஸ் பைப்பைக் கீழே பிடித்து நான்கு வீல் ஆர்ச்சுகளையும் முன்பக்கத்துக் கீழ்ப்பகுதியையும் அலசுங்கள்.

இதை விடக் கவனிக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமை மீன். தெர்மோகோல் பெட்டியிலிருந்து கசியும் ஐஸ் தண்ணீர் டிக்கி விரிப்புக்கு அடியில் போய், ஸ்டெப்னி பள்ளத்தில் தேங்கும். மேலே ஒன்றும் தெரியாது, நாற்றம் மட்டும் வரும். பலரும் பெர்ஃப்யூமை மாட்டிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள்: ஜாக்கியில் செம்பட்டையாகத் துரு, பள்ளத்தின் அடியில் ஒரு மீன் செதில்கூட ஒட்டியிருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் பள்ளத்தின் அடியில் ரப்பர் அடைப்பான் ஒன்று உண்டு. அதைக் கழற்றி, நல்ல தண்ணீர் இரண்டு குவளை ஊற்றி வடியவிட்டு, துடைத்து, டிக்கியைத் திறந்தபடி அரை நாள் காயவைத்து, அடைப்பானைத் திரும்பப் போட வேண்டும். போட மறந்தால் அடுத்த மழையில் ரோட்டுத் தண்ணீர் மேலே ஏறும். இனிமேல் மீன் பெட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப் வையுங்கள்.

கதவுகளின் அடிவிளிம்பில் சிறு ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அங்கேதான் வெளியேறும். சாம்பலும் மண்ணும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே அழுகும். கதவை ஆட்டும்போது ‘சளக்’ என்று சத்தம் கேட்டால் அதுதான். ஒரு கேபிள் டையை நுழைத்துக் குத்திவிட்டால் போதும், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பெயின்ட் போய்விடும். வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்கள் வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில்லில் சேரும் இலைகளையும் வாரம் ஒருமுறை கையால் அள்ளிப் போட வேண்டும். அங்கே அடைத்தால் தண்ணீர் கேபினுக்குள் இறங்கி கார்பெட்டை நனைக்கும்.

அண்டர்பாடி கோட்டிங்கில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வாட்டர் வாஷ் முடிந்து ஈரம் காய்வதற்குள் கறுப்புக் கோட்டிங்கை அடித்துவிடுகிறார்கள். உப்பும் ஈரமும் உள்ளே பூட்டப்பட்டு, வெளியே தெரியாமல் துரு பரவும். ஒரு நாள் முழுக்கக் காயவிடச் சொல்லுங்கள். இருக்கும் துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங். வடிகால் ஓட்டைகள், சைலன்சர், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் பூட் இவற்றில் படக் கூடாது. கோட்டிங்குக்குப் பதில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுபவர்களும் இருக்கிறார்கள். அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஈர வண்டியின்மேல் கவர் போடுவதும், தூசி வண்டியின்மேல் கவர் போடுவதும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. முதலாவது ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரண்டாவது கடல் காற்றில் படபடத்துத் தூசியை பெயின்ட்டில் தேய்க்கும்.

கழுவியவுடன் ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தினால் இரவுக்குள் பின்சக்கரம் துருவில் ஒட்டிக்கொள்ளும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு தடவை பிரேக் அழுத்திக் காயவைத்துவிட்டு, சமதரையில் கியரில் போட்டு நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பானெட்டுக்குள்

எஞ்சின் பகுதியில் பிரஷர் வாஷ் அடிக்கக் கூடாது. கனெக்டர்களுக்குள் உப்புத் தண்ணீர் போனால் அன்றைக்கு ஓடும். மாதம் கழித்து ஏதோ ஒரு விளக்கு மீட்டரில் எரியும், காரணம் பிடிபடாது. ஈரத் துணியும் பெயின்ட் பிரஷ்ஷும் போதும். ரேடியேட்டருக்கு முன்னிருக்கும் ஏ.சி. கண்டென்சரிலும் பிரஷர் வாஷ் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

பாட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையும் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, முனைகளை இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள். உள்ளே பூசிவிட்டு மாட்டக் கூடாது.

கேபின் ஃபில்டரைப் பொதுவாக 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மணலி, எண்ணூர் சாலையில் தினமும் போகிறவர்கள் 5,000-த்திலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். புதியதைப் போடும்போது காற்றுப் போகும் திசைக்கான அம்புக்குறியைக் கவனியுங்கள்.

ஒயரில் கை வைக்கும்போது

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டும் சாமான்களில் ஃபாக் லேம்ப்தான் அதிகம். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட்; 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இதைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து பிரித்து எடுத்தால் அந்த மெல்லிய ஒயர் சூடாகி உருகும். ரிலே (சிறு கரண்ட்டில் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கட்டாயம். பாட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்கு, 87 விளக்குகளுக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைத்தால், பாட்டரிக்கும் அதற்கும் நடுவே ஒயர் உரசும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

ஹெட்லைட்டில் 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 பல்பு போடுவது ஹோல்டரை உருக்கும். பிரதிபலிப்பான் வைத்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு போட்டால் இழை இருந்த இடத்தில் ஒளி உருவாகாமல் சிதறி, எதிரே வரும் டூ வீலர்காரரின் கண்ணைத்தான் கூசவைக்கும். ஹாலஜன் பல்பு மாற்றும்போது கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், விரல் பிசுக்குப் பட்ட இடம் அதிகம் சூடேறி சீக்கிரம் போய்விடும். பம்பரின் முன்னால் இரும்பு கார்டு மாட்டுவது சட்டப்படியும் தவறு, ஏர்பேக் விரிவதையும் குழப்பும்.

உப்புக் காற்றில் ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. பானெட் சூட்டில் பசை இளகி டேப் பிரியும், செம்பு பச்சையாகும். இணைப்புக் குழாய்க்குள் ஒயரை வைத்து நசுக்கி (கிரிம்ப் செய்து), சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். எர்த் எடுக்க பாடியில் பெயின்ட்டைச் சுரண்டும்போது வாஷர் அளவுக்கு மட்டும் சுரண்டி, போல்ட்டை இறுக்கியதும் மேலே வாசலின் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடமே துருவின் வாசலாகும். எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் பத்து நிமிடம் எரியவைத்து, அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கே பிடிப்புச் சரியில்லை. அதை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தபிறகுதான் பானெட்டை மூட வேண்டும்.