எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காதீர்கள்: குழந்தை வளர்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்யாண வீட்டுக்குக் கைக்குழந்தையோடு போனால், பந்தியில் உட்காரும் முன்பே கேள்வி வந்துவிடும். "பிள்ளைக்கு எவ்வளவு எடை?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது: "எங்க பேரன் இந்த வயசுல பத்து கிலோ இருந்தானே." அதற்கு மேல் அந்தத் தாய்க்குச் சோறு இறங்காது. மறுநாள் காலையில் மருந்துக்கடையில் டானிக் வாங்க நிற்பார். படிப்பில் முன்னால் நிற்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. பிள்ளையின் எடையையும் பரீட்சை மார்க் போலப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஒரு நாள் எடுத்த எடை தனியாக அதிகம் சொல்லாது. மாதாமாதம் எடுத்த எடைகளை வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து இணைத்தால், அந்தக் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கன்வாடியில் இன்று பயன்படும் வளைகோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். தாய்ப்பால் குடித்த, வசதியான சூழலில் இருந்த, தாய் புகைபிடிக்காத குழந்தைகளாகப் பார்த்துச் சேர்த்தார்கள். முடிவில், ஐந்து வயது வரை ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் வளர்ந்தார்கள். "நம்ம ஊர்ப் பிள்ளைங்க இயல்பாவே சின்னதாத்தான் இருக்கும்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க இனி வழியில்லை.

இந்த அட்டையைப் படிப்பதில் இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வரும். முதலாவது, "15-ஆவது சதமானம்" என்றதும் நூற்றுக்குப் பதினைந்து மார்க் வாங்கிவிட்டதாகப் பதறுவது. அதே வயதுள்ள ஆரோக்கியமான நூறு குழந்தைகளைக் குறைந்த எடையிலிருந்து வரிசையாக நிறுத்தினால் நம் பிள்ளை பதினைந்தாவது ஆளாக நிற்கிறது, அவ்வளவுதான். யாராவது அந்த இடத்தில் நின்றுதானே ஆக வேண்டும்? தன் கோட்டிலேயே சீராக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. குண்டாகப் பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று மாதமாக எடை அசையவில்லை என்றால், அட்டையில் இன்னும் இயல்பு எடையைக் காட்டும் பச்சைப் பகுதியில் இருந்தாலும் விசாரிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, வேகம் குறைவதைப் பார்த்துப் பயப்படுவது. அட்டையின் நடுக்கோட்டில் ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ, மூன்று மாதத்தில் 6.4 கிலோ. அதாவது மாதம் ஒரு கிலோ. ஆனால் ஒன்பது மாதத்தில் 8.9, ஒரு வயதில் 9.6. இங்கே மாதத்துக்குக் கால் கிலோ கூட ஏறுவதில்லை. பிள்ளை தவழ்ந்து, பிடித்து நின்று, வீட்டைச் சுற்றிவரத் தொடங்கும் பருவமும் இதுதான். "நல்லா இருந்த பிள்ளை, இப்ப மெலிஞ்சு போச்சு" என்று பாட்டி சொல்வதும் சரியாக இந்த மாதங்களில்தான்.

அந்தக் கால் கிலோவை நினைவில் வைத்துக்கொண்டு எடை போடும் நாளைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். குழந்தையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் கொலுசு, கையில் காப்பு, கீழே நனைந்த டயப்பர். நன்றாக நனைந்த டயப்பர் மட்டுமே 200 கிராமைத் தாண்டும். போன மாதம் இத்தனையோடும் எடை போட்டு, இந்த மாதம் வெறும் உடம்போடு போட்டால், நன்றாக வளர்ந்த பிள்ளையும் அட்டையில் இளைத்துத் தெரியும். இது தலைகீழாக மாறிப்போனால் இன்னும் மோசம்: எடை ஏறாத பிள்ளையை டயப்பர் காப்பாற்றிக் காட்டிவிடும். முடிந்தவரை துணியில்லாமல், அதே தராசில், முள்ளோ எண்ணோ பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்த பிறகு எடை போடச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் வயதையும் திருத்த வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தவனுக்கு இப்போது ஆறு மாதம் என்றால் அட்டையில் நான்கு மாதத்தில்தான் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான்.

உயரத்தை நாம் மறந்தேவிடுகிறோம். வயதுக்கேற்ற உயரம் இல்லாதது நீண்ட காலக் குறைபாட்டின் அடையாளம்; உயரத்துக்கேற்ற எடை இல்லாதது அண்மையில் வந்த மெலிவு. முதல் வகைக் குழந்தை கன்னம் உப்பிக் கொழுகொழுவென்றுகூட இருக்கலாம், அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதத்தை நேராக்குவார். வீறிட்டு அழுகிற பிள்ளையின் பக்கத்தில் தையல் டேப்பை நீட்டி எடுத்த அளவை நம்ப முடியாது. இரண்டு வயதுக்குப் பிறகு நிற்கவைத்து அளக்கும்போது 0.7 செ.மீ. குறைவாக வரும். பிள்ளை சுருங்கிவிடவில்லை.

வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கைச்சுற்றளவு நாடா இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான மெலிவு. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நம் மாவட்டத்தில் குழந்தை உணவுக்குப் பஞ்சமில்லை. புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப்பழம், ஏத்தங்காய்ப் பொடி, கூவைமாவு (ஆரோரூட்), கடற்கரை முழுக்க மீன். பொருளை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி என்று நீர்க்கவே கொடுக்கிறார்கள். குழந்தையின் வயிறு மிகச் சிறியது, கிலோவுக்கு 30 மில்லி அளவுதான் பிடிக்கும். ஏழு கிலோ பிள்ளைக்கு ஒரு டம்ளர் பருப்புத் தண்ணியிலேயே வயிறு நிறைந்துவிடும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே ஒழுகி ஓடாத அளவுக்குக் குழைவாக இருக்க வேண்டும். அதில் ஒரு சிறு கரண்டி தேங்காயெண்ணெயோ நெய்யோ விட்டால் 45 கலோரி கூடுகிறது. ஆறு முதல் எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 200 கலோரிதான் என்னும்போது அது பெரிய பங்கு.

கூவைமாவும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) வயிறு நிரப்பும். இரண்டுமே பெரும்பாலும் மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. அவற்றையே நம்பி ஒரு வருடம் ஓட்டுவது தப்பு. மரச்சீனி அவித்தால் கூடவே சாளையோ நெத்திலியோ முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள். மீனும் முட்டையும் கரப்பான் (தோல் தடிப்பு) வரவழைக்கும் என்று ஒரு வயது வரை தள்ளிப்போடுகிற வீடுகள் இன்றும் உண்டு. தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை தடுக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம், பசும்பாலைப் பிரதான உணவாக்கவும் வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் கரையிறங்கிய மீன் ஏலத்துக்குப் போக, பிள்ளை கையில் கட்டன் சாயாவில் நனைத்த பிஸ்கட் இருப்பதைப் பார்க்கலாம். சாயா, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. குலசேகரம் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் இதே கதைதான்.

கோடு சரிவதற்கு அடிக்கடி காரணமாவது வயிற்றுப்போக்கு. "வயிறு காயட்டும்" என்று சோற்றை நிறுத்துவது பழைய தவறு, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் கொஞ்சத்தைத் தம்ளர் தண்ணீரில் கண்ணளவாகப் போட்டுக் கலக்குவது இன்றைய தவறு. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து, குறைந்தால் பயனில்லை. 1971-ல் வங்கதேச அகதிகளின் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்தே உயிர்ச்சேதத்தைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு கடையில் இருந்த இனிப்புப் பானங்கள் வேறு சரக்கு. உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி இல்லாதவற்றின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று அச்சிடக் கூடாதென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது. வயிற்றுப்போக்கு வந்தால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை தினம் 20 மி.கி. என்று 14 நாள். மூன்றாம் நாள் போக்கு நின்றதும் இதை நிறுத்துபவர்கள்தான் அதிகம். குணமான பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் கோடு பழைய இடத்தைப் பிடிக்கும்.

மழைக்காலக் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டாத நாட்களில் கவிழ்த்து வைக்காத சிரட்டைகளில் டெங்கு கொசு முட்டையிடும். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்கள்தான். அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு இருந்தால் "காய்ச்சல்தான் விட்டுப்போச்சே" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இருமலோடு மூச்சு வாங்கினால் பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டால், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டால், நிமோனியா சந்தேகம். போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் சிரப்பைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, செய்தியில் வரும் ஆய்வு எண்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2015-16-ல் 27.1 சதவீதம், 2019-21-ல் 25.0. அதே காலத்தில் இரத்தச்சோகை 50.7-லிருந்து 57.4 ஆக ஏறியது. உயரம் தேறுகிறது, இரத்தம் குறைகிறதா? பதறுவதற்கு முன் எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு இரத்தம். 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். நாடு முழுக்க ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் என்று வந்தது. 2015-16 குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது 58.6. வயதுப் பிரிவு கொஞ்சம் வேறு, இருந்தாலும் அளக்கும் முறைக்கும் இதில் பெரிய பங்குண்டு. எந்த எண்ணை எடுத்தாலும் இரத்தச்சோகை அதிகம்தான். அதனால் வாரம் இருமுறை கொடுக்கச் சொல்லும் இரும்புச்சத்து சிரப்பை நிறுத்திவிட வேண்டாம்.

மாவட்டவாரிப் பட்டியலில் இன்னும் நிதானம் வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஏறத்தாழ 900 வீடுகளுக்குத்தான் போகிறார்கள். கன்னியாகுமரி போலப் பிள்ளைப்பேறு குறைந்த இடத்தில் அந்த வீடுகளில் கிடைக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சொற்பம், சில பேர் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் ஆடிவிடும். "குமரி முன்னேறியது, நெல்லை பின்தங்கியது" என்று தலைப்பு வந்தால் அந்தக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துப் போட்டவை. 25-க்கும் குறைவு என்றால் எண்ணே தராமல் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள்.