வீட்டில் மண்புழு உரத் தொட்டி: அமைப்பதும் கெடாமல் காப்பதும்

மண்புழுவுக்குப் பல் கிடையாது. காய்கறித் தோலைக் கடித்துத் தின்ன அதனால் முடியாது. தோல் அழுகத் தொடங்கி, பாக்டீரியாவும் பூஞ்சையும் படர்ந்து, கூழாகும் பக்குவத்துக்கு வந்த பிறகே புழு அதை உறிஞ்சி விழுங்குகிறது. விழுங்கியதை அதன் அரைவைப்பை மண் துகள்களின் துணையோடு அரைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தொட்டியில் வரும் தொல்லைகள் பலவும் வராது. புழு தின்னும் வேகத்தை மீறிக் கழிவைப் போட்டால் மிச்சம் அழுகும். அழுகல் உள்ளிருக்கும் காற்றைத் தீர்த்துவிடும். தோலால் மூச்சு விடுகிற புழு திணறிச் சாகும். தொட்டியைக் குப்பைக்கூடையாக நினைப்பவர்கள் வீட்டில்தான் அது நாறுகிறது.

எந்தப் புழு, எவ்வளவு

தோட்டத்தைக் கொத்தும்போது கிடைக்கிற புழுவை அப்படியே தொட்டியில் விடுவது வீண். அவற்றில் பெரும்பாலானவை ஆழத்தில் வளை தோண்டி மண்ணைத் தின்று வாழ்பவை. மண்ணில்லாத, ஆழமில்லாத தொட்டியில் மடிந்துபோகும். நமக்குத் தேவை மட்கும் குப்பையின் மேலடுக்கில் வாழும் இனம். உரத்துக்காக அதிகம் வளர்க்கப்படுபவை ஐசீனியா ஃபெட்டிடா என்ற செம்புழு, யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழு, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய மூன்றும்தான். செம்புழுவுக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் ஒத்துக்கொள்ளும், குளிரையும் தாங்கும். யூட்ரிலஸ் உருவத்தில் பெரியது, வேகமாகத் தின்னும், 25 முதல் 30 டிகிரி வரை அதற்குச் சுகம். ஆனால் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் சாகத் தொடங்கும். முதல் தொட்டிக்குச் செம்புழுவே நல்லது, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆண்டு முழுக்க வெக்கையான இடமென்றால் மட்டும் யூட்ரிலஸைப் பாருங்கள்.

வாங்கும்போது எண்ணிக்கையைக் கேட்காமல் எடையைக் கேளுங்கள். நன்கு வளர்ந்த செம்புழு அரை கிலோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் நிற்கும். நிலைபெற்ற தொட்டியில் புழு ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதியளவு கழிவைத் தீர்க்கும். வீட்டில் நாளொன்றுக்கு 250 கிராம் தோலும் காம்பும் சேர்கிறது என்றால் அரை கிலோ புழு போதும். முதல் நாளிலிருந்தே அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆறேழு வாரம் கால் பங்கில்தான் ஓட்ட வேண்டும்.

தொட்டி

ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். இந்தப் புழுக்கள் மேல் 15 முதல் 20 செ.மீ. வரைதான் புழங்கும். உயரமான வாளியில் நிரப்பினால் அடிப்பகுதி தன் பாரத்திலேயே அமுங்கிக் காற்றில்லாமல் புளித்துவிடும். அரை கிலோ புழுவுக்கு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 முதல் 35 செ.மீ. உயரமுள்ள டப்பா ஒன்று தாராளம். வெளிச்சம் ஊடுருவாத நிறமாக இருக்கட்டும். கெட்டியான பிளாஸ்டிக், மரம், சுட்ட மண் எதுவும் சரி. புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் சுண்ணம் கசியும். சில நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி ஊறவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

அடியில் 5 மி.மீ. அளவில் 15 முதல் 20 துளைகள், மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே நான்கு பக்கமும் 3 மி.மீ. துளைகள் வரிசையாக. அடித்துளைகளின் மேல் கொசுவலைத் துணி ஒரு துண்டு விரித்துவிட்டால் புழு இறங்கி ஓடாது, துளையும் அடைபடாது. தொட்டியை நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்துக் கீழே ஒரு தட்டு வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கக் கூடாது. வெயில் படாத, மழைச்சாரல் தெறிக்காத, சலவை இயந்திரம் போல அதிராத இடமாகப் பாருங்கள்.

படுக்கை: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பலர் புழுவுக்குச் செலவு செய்துவிட்டுப் படுக்கையை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். புழு குடியிருப்பதும் மூச்சு விடுவதும் படுக்கையில்தான். கடைசியில் தின்பதும் அதையேதான்.

பழுப்பு நிற அட்டைப்பெட்டி, செய்தித்தாள், உதிர்ந்து காய்ந்த இலை, கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றில் இரண்டு மூன்றைக் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் சரிவராது: தாள் மட்டும் என்றால் ஈரத்தில் அப்பளம் போல் ஒட்டிக்கொள்ளும், இலை மட்டும் என்றால் ஈரம் நிற்காது. அட்டையின் ஒட்டுநாடாவையும் பளபளப்பான மேல்தாளையும் உரித்துவிட்டு இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகக் கிழிக்கவும். மேலே சொன்ன அளவுத் தொட்டிக்கு உலர்ந்த எடையில் ஒன்றரை கிலோ போதும். அதன் எடையைப் போல் மூன்று மடங்கு, அதாவது நாலரை லிட்டர் தண்ணீர் தெளித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

காலையில் கைப்பிடி அள்ளி இறுகப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு நின்று, ஒன்று மட்டும் கீழே விழ வேண்டுமா வேண்டாமா என்று தயங்குவது போலிருந்தால் ஈரம் சரி. நூலாக ஒழுகினால் அதிகம். காய்ந்த அட்டை சேர்த்துக் கிளறுங்கள். கையைத் திறந்ததும் உருண்டை உதிர்ந்துபோனால் இன்னும் தெளியுங்கள். இதே சோதனையைப் பிறகும் வாரம் ஒருமுறை செய்யலாம், தனியாக ஈரமானி வாங்கத் தேவையில்லை.

இதோடு தோட்ட மண் இரண்டு கைப்பிடி, காயவைத்து மாவாகப் பொடித்த முட்டை ஓடு இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். மண் அரைவைப்பைக்கு, ஓடு புளிப்பை மட்டுப்படுத்த. ஆறிய பழைய சாணமோ மட்கிய உரமோ ஒரு கிலோ கிடைத்தால் கலந்துவிடுங்கள், நுண்ணுயிர்கள் முன்கூட்டியே வந்து சேரும். பச்சைச் சாணம் கூடாது, சூடேறும். குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணமும் வேண்டாம்.

தொட்டியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு இதை அமுக்காமல் உதிரியாகப் பரப்பி, ஒரு வாரம் சும்மா விடுங்கள். நடுவில் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கக் கூடாது. குளிர்ந்திருந்தால் புழுவை விடலாம்.

புழுவை விடும் நாள்

குழி தோண்டிப் புதைக்க வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் படுக்கையின் மேல் பரப்பிவிட்டால் வெளிச்சத்துக்கு அஞ்சித் தானாகவே உள்ளே போய்விடும். ஒரு மணி நேரம் கழித்தும் மேலேயே கிடப்பவை செத்தவை அல்லது நோஞ்சான், எடுத்துவிடுங்கள். புது இடத்தில் முதல் சில இரவுகள் சுவரேறித் தப்பிக்கப் பார்க்கும். மூடியைத் திறந்துவைத்து மேலே ஒரு விளக்கை எரியவிடுங்கள், இறங்கிவிடும். மூன்றாம் நாள் வரை எதுவும் போட வேண்டாம்.

இரை போடும் முறை

தொட்டியின் மேற்பரப்பை மனதுக்குள் ஆறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் 5 செ.மீ. பள்ளம் பறித்து, ஒன்றிரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்கிய கழிவைப் போட்டு, அதே அளவு கிழித்த உலர் அட்டையையும் கலந்து, மேலே மூன்று விரல் கனத்துக்குப் படுக்கையால் மூடுங்கள். இரண்டு நாள் கழித்து அடுத்த கட்டம். சுற்றி வருவதற்குள் முதல் கட்டத்தில் இலைக்காம்பு, விதை போன்ற கெட்டியானவை மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் அப்படியே இருந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். பசித்த புழு படுக்கையைத் தின்று சமாளிக்கும். திகட்டிய தொட்டிக்குச் சமாளிக்க வழியில்லை.

அரை கிலோ புழுவுக்கு முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை 100 கிராம். பிறகு முந்தையது தீர்வதைப் பார்த்து மெல்லக் கூட்டுங்கள். கழிவை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, உருகியதும் நீரை வடித்துவிட்டுப் போட்டால் திசு உடைந்திருக்கும், சீக்கிரம் மட்கும்; பழ ஈயின் முட்டைகளும் அநேகமாகச் செத்துவிடும்.

காய், பழத் தோல்கள், கீரைத்தண்டு, டீத்தூள் சக்கை, காப்பிச் சக்கை எல்லாம் போடலாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோல்களை வாரத்துக்கு ஒரு துண்டு என்ற அளவோடு நிறுத்துங்கள். புளிப்பும் தோலின் எண்ணெயும் புழுவுக்கு ஆகாது. வெங்காயம், பூண்டு, மிளகாய் மிகக் குறைவாக. உப்பும் எண்ணெயும் சேர்ந்த சமைத்த உணவு, இறைச்சி, மீன், பால் பொருட்கள் அறவே வேண்டாம். டீ பைகள் சிலவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு, கிழித்துத் தூளை மட்டும் கொட்டுங்கள். வளர்ப்புப் பிராணிகளின் மலமும் கூடாது: இந்தத் தொட்டி சூடேறாது, அதனால் நோய்க்கிருமி சாகும் என்று நம்ப முடியாது. அதே காரணத்தால்தான் தக்காளி விதையும் பூசணி விதையும் உரத்திலிருந்து ஜோராக முளைத்து வரும்.

எது கெடும், ஏன்

அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள். அமோனியா நெடி அடித்தால் பச்சைக் கழிவு மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். கொழகொழத்த கழிவை அள்ளி வெளியே போடுங்கள், முள்கரண்டியால் படுக்கையை மெதுவாகத் தளர்த்துங்கள், உலர்ந்த அட்டையைத் தாராளமாகக் கலந்து, மூடியைச் சற்றுத் திறந்துவையுங்கள். ஒரு வாரம் பட்டினி. புளிப்பை எடுக்கச் சுண்ணாம்பு தூவாதீர்கள், புழுவின் தோல் வெந்துபோகும். முட்டை ஓட்டுத் தூளே போதும்.

புழு மொத்தமாகச் சுவரேறினால் ஈரம் அதிகம், புளிப்பு, வெக்கை என்ற மூன்றில் ஒன்று. புழுவின் உடல் மணி கோத்தாற்போல் அங்கங்கே வீங்கி அங்கங்கே ஒடுங்கியிருந்தால் நிலைமை மோசம். தானிய மாவு போன்ற புரதச் சத்துள்ள இரையை அளவுக்கு மீறிக் கொடுத்ததில் உள்ளே நொதித்து வருவது இது. நடமாட்டம் உள்ளவற்றைப் பொறுக்கிப் புதுப் படுக்கைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெக்கை 30 டிகிரியைத் தாண்டினால் புழு ஓரங்களில் ஒதுங்கும், 35-ஐ ஒட்டினால் சாகத் தொடங்கும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றிப் படுக்கை மேல் கிடத்துங்கள், தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு போர்த்துங்கள்.

எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது. ஈரத்தைச் சரிசெய்து, செங்கற்களுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிற்கும் கால்களின் மேல் தொட்டியை வையுங்கள். பழ ஈக்குக் கழிவைச் சரியாக மூடாததே காரணம். குவளையில் சிறிது வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் விட்டுப் பக்கத்தில் வைத்தால் விழுந்து சாகும். நூல் போன்ற குட்டி வெள்ளைப் புழுக்கள் கூட்டமாக இருந்தால் அவை மண்புழுக் குஞ்சுகள் அல்ல. புளிப்பு கூடியதன் அடையாளம். செம்புழுக் குஞ்சில் உள்ளோடும் சிவப்பு இரத்தக் கோடு தெரியும். துள்ளும் குட்டி வெள்ளைப் பூச்சிகளால் கெடுதலில்லை. பூரானை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். சுத்தியல் போல் தலை விரிந்த தட்டைப்புழு மண்புழுவைத் தின்னும். அதை வெட்டினால் துண்டுகள் தனித்தனியாக வளரும், ஆகவே முழுதாக எடுத்து உப்புநீரில் போடுங்கள்.

உரம் எடுப்பது

மூன்று நான்கு மாதத்தில் அட்டைக் கீற்றுகள் அடையாளம் தெரியாமல் போய், மழை பெய்த மண்ணின் வாசனையோடு கருத்த குருணை மிஞ்சும். படுக்கையை ஒரு பாதிக்கு ஒதுக்கிவிட்டு, மறுபாதியில் புதுப் படுக்கை போட்டு அங்கே மட்டும் இரை வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலான புழு இடம்பெயர்ந்துவிடும். பொறுமை இல்லையென்றால் பிளாஸ்டிக் விரிப்பில் கூம்புக் குவியல்களாகக் கொட்டி மேலே விளக்கு போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேல் அடுக்கை வழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் புழுக்கள் அடியில் உருண்டையாகத் திரண்டு நிற்கும்.

எடுத்த உரத்தைக் கூர்ந்து பார்த்தால் மூன்று நான்கு மி.மீ. அளவில், குட்டி எலுமிச்சை போல் இரு முனையும் கூம்பிய மஞ்சள் மணிகள் தெரியும். அவை முட்டைக்கூடுகள். பொரியும் நாள் நெருங்க நெருங்கச் செம்பழுப்பாக மாறும். செம்புழுவில் மூன்று வாரம் வாக்கில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று குஞ்சுகள் வெளியேறும். இவற்றை உரத்தோடு சேர்த்துச் செடிக்குப் போட்டுவிடுவதால்தான் சிலர் தொட்டியில் புழு பெருகுவதில்லை. எடுத்த உரத்தை ஈரம் குறையாமல் மூன்று வாரம் மூடிவைத்து, நடுவில் வலைத்துணியில் பழத்தோல் முடிந்து வையுங்கள். குஞ்சுகள் அதைத் தேடி வந்து சேரும், முடிச்சோடு தூக்கித் தொட்டியில் விட்டுவிடலாம்.

பிறகு 4 மி.மீ. சல்லடையில் சலித்து, நிழலில், காற்றுப் போகும் பையில், தொட்டால் ஈரம் தெரியும் பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர்கள் போய்க் கட்டிதட்டிவிடும். தொட்டிச் செடிக்கான மண்கலவையில் பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். தனி உரத்தில் நட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

தட்டில் வடியும் கறுப்பு நீரைச் சிலர் தேன் போல் சேமிக்கிறார்கள். அது பாதி மட்கிய கழிவின் சாறு, கிருமிகளும் இருக்கலாம். பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். நன்றாக நடக்கும் தொட்டியில் தட்டு பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும்.