பனியன் கம்பெனி பர்ச்சேஸுக்குப் புதியவரா? சரக்கு தடைபட்டாலும் லைன் நிற்காமலிருக்க

திருப்பூரில் நூல் தட்டுப்பாடு வந்தால் முதலாளியே மில்லுக்குப் போன் போடுவார். வாஷ்கேர் லேபிள் வரவில்லை என்றால் யாரும் போட மாட்டார்கள். பேக்கிங் நின்ற பிறகுதான் தெரியும். அதனால் எந்தச் சரக்கு தடைபட்டால் ஆபத்து என்ற பட்டியலை விலை வரிசையில் போடாதீர்கள்.

முதலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆர்டரை எடுங்கள். நூல், தையல் நூல், எலாஸ்டிக், பட்டன், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் சேருங்கள்: யார் தருகிறார், பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டு எத்தனை நாளில் கம்பெனி கேட்டுக்குள் வருகிறது, நமக்கு ஆர்டர் கொடுத்த பையரைக் கேட்காமல் மாற்று வாங்கலாமா, வராவிட்டால் எந்த செக்‌ஷன் நிற்கும். மூன்றாவதில் ‘முடியாது’ என்று விழுந்தவைதான் ஆபத்தானவை. பையரே கைகாட்டிய லேபிள் சப்ளையர் அப்படி. ஆர்கானிக் ஆர்டரும் அப்படித்தான்: நூல் அதே தரமாக இருந்தாலும், டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட் (விற்ற சரக்கு ஆர்கானிக்தான் என்ற சான்று) கிடைக்காத மில்லின் நூலை அதில் போட முடியாது.

அடுத்து, சப்ளையருக்குப் பின்னால் யார் என்று கேளுங்கள். இரண்டு எலாஸ்டிக்காரர்களும் ஒரே இடத்தில் ரப்பர் நூல் எடுத்தால் உங்களுக்கு இருப்பது ஒரு சப்ளையர்தான். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாய ஆலைகள் மூடப்பட்டன. உள்ளூரிலேயே நாலு டையிங் வைத்திருந்தவருக்கும் அன்று ஒன்றுகூட இல்லை. துணியை வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

இரண்டாவது சப்ளையரை ஃபைலில் வைத்திருந்தால் போதாது. முடிந்த பொருள்களில் 70–30 என்று பிரித்து, அவருக்கும் மாதாமாதம் ஆர்டர் போகட்டும். அவசரத்துக்கு முதல்முறை போகிறவருக்கு யாரும் முன்னுரிமை தர மாட்டார்கள். நூலில் மட்டும் கவனம்: இரண்டு மில் நூலும் 30 கவுண்ட் கோம்டுதான் (ஒரே பருமன், சீவிய பஞ்சு) என்றாலும் ஒரே நிட்டிங் லாட்டில் கலக்காதீர்கள். பஞ்சும் முறுக்கும் வேறு. சாயம் ஏறிய பிறகு துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். கலர் வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

கையிருப்புக் கணக்கு எளிது. எலாஸ்டிக் சராசரியாக நாளைக்கு 600 மீட்டர், அதிகபட்சம் 800 ஓடுகிறது; வந்துசேர சராசரி 10 நாள், மோசமான தடவை 16 நாள் என்று வையுங்கள். 800 × 16 = 12,800. இருப்பு இந்த அளவுக்கு இறங்கும்போதே அடுத்த ஆர்டர் போக வேண்டும். அதில் 600 × 10 = 6,000 வழக்கமான செலவு, மீதி 6,800 பாதுகாப்பு இருப்பு. நாள்களைச் சப்ளையர் வாய்ச்சொல்லில் எடுக்காமல் பி.ஓ. தேதியிலிருந்து ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததைப் பதியும் சீட்டு) தேதி வரை எண்ணி எடுங்கள். வெள்ளைத் தையல் நூல், டேப், எலாஸ்டிக்குக்கு இது பொருந்தும். ஸ்டைல் எண் அச்சிட்ட லேபிளுக்கு வேண்டாம், மிஞ்சினால் குப்பை. நூலுக்கும் வேறு வழி: ஆர்டர் உறுதியான அன்றே புக் பண்ணுங்கள். 2021–22இல் மாதாமாதம் விலை ஏறியபோது, பழைய விலையில் கோட் பண்ணிவிட்டு நூல் வாங்கத் தாமதித்தவர்களின் லாபம் அதிலேயே போனது.

பேமெண்டும் பர்ச்சேஸ் வேலைதான். பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். நிதியாண்டு முடிவிலும் கெடு தாண்டி நிலுவையாக இருக்கும் தொகையை, கட்டும் ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்கலாம். தவிர, தட்டுப்பாட்டில் சரக்கு முதலில் போவது ஒழுங்காகப் பணம் தருகிறவருக்கு.

கடைசியாக ஒரு தாளில் கெடுக்களை எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள்: சொன்ன தேதி 3 நாள் தள்ளினால் இரண்டாமவருக்கு ஆர்டர், 7 நாள் தள்ளினால் பையரோடு பேசும் மெர்ச்சண்டைசரிடமிருந்து பையருக்கு மெயில், விமானத்தில் அனுப்பும் செலவுக்குச் சம்மதம் சொல்வது யார். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினையால் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோது, பழைய ஷிப்மெண்ட் தேதியை நம்பிப் போட்ட திட்டமெல்லாம் பொய்த்தது. அதனால் வாரம் ஒருமுறை நாள்களைத் திருத்துங்கள். சனிக்கிழமை சம்பளப் பரபரப்பில் நடக்காது, வெள்ளிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.