பக்கத்து வீட்டுக் கைப்பேசி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு. கறிவேப்பிலை பறிக்க வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து உள்ளே வர ஆரம்பித்தார். கறிவேப்பிலைக்காக யார் சண்டை போடுவார்கள்? ஆனால் முற்றத்து முருகனுக்கு அம்மா விளக்கேற்றும்போது கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார். கேட்டால், மணிச் சத்தத்துக்கு ஆதாரம் சேர்க்கிறாராம். அம்மா அடிப்பது மூன்றே தடவை!

"அண்ணே, இனி உள்ளே வராதீங்க" என்று வாயால் சொன்னேன். அப்புறம் அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். அனுமதியின்றி நுழைவது 1959-ஆம் ஆண்டு அத்துமீறல் சட்டப்படி குற்றம். எழுத்தில் இருந்தால் அனுமதி இருந்ததாக அவர் சொல்ல முடியாது. அதன் பிறகும் வந்தார். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் குறித்தேன்.

'போப்பியா சட்டத்தில் பிடி' என்றான் மைத்துனன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் அப்படிச் சொன்னான். சொந்த, வீட்டு உபயோகத்துக்கான பதிவுகளுக்கு அது பொருந்தாது. எனக்குக் கைகொடுத்தது 2011-இன் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்தான். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே படிவம் நிரப்பி, சத்தியம் செய்து கொடுத்தேன். காத்திருந்த வரிசைதான் கொடுமை. இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. கூடவே ஒரு கைது வாரண்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும், மீறினால் உயிர் பெறும்.

உத்தரவு அவர் கைக்குப் போன நாளோடு கேட் சத்தம் நின்றது. கறிவேப்பிலையை இப்போது அம்மாவே வேலிக்கு மேலாக நீட்டுகிறார். எனக்கு அதில் சம்மதமில்லை, யார் கேட்கிறார்கள்?