ஆல்டர்னேட்டர் மேல் விழுந்த பழி

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலாவது முறைதான் கார் ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்த கையோடு, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் 'டக்'.

சரி, நாமே பார்ப்போம் என்று வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. இரண்டிலும் குறையில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைக்கூடத் தொடக்கூடாத இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கோளாறு, பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயரில்தான்! நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் ஒயர் இன்ஜினில் சேரும் போல்ட்டைத் திறந்தால், அடியில் பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து இறுக்கினேன். அடுத்த திருப்பிலேயே ஸ்டார்ட்.

நல்லவேளை, கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் சோதித்து, பழுதே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதையும் பில்லையும் ஒர்க்‌ஷாப் முதலாளியின் மேசையில் வைத்தேன். சத்தம் போடவில்லை. "எந்த டெஸ்ட் செஞ்சு இதை மாத்தச் சொன்னீங்கண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அவர் மெக்கானிக்கைப் பார்த்தார், மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

பழையதையே திரும்பப் பூட்டி, புதியதன் விலையைக் கொடுத்துவிட்டார். கூலி வரவில்லை. அதற்கும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.